ஆறரை இஞ்ச் போர், 9,101 மீட்டர் ஆழம்

அக்டோபர் 9, 2025, வியாழன்: ரயில் ரெண்டானது

நூரம்பெர்க்கில் பையன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பேத்தியைக் கொஞ்சுவதும் பால்கனிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று குளிரை வேடிக்கை பார்ப்பதும்தான் வேலை. போன வாரம் பையன் கேட்டான்: "உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு, போலாங்களாப்பா?" கோட்டையோ சர்ச்சோ காட்டப்போகிறான் என்று நினைத்தேன். "போர் போட்ட இடம். 9,101 மீட்டர்" என்றான். மனசுக்குள் அடியாக மாற்றிப் பார்த்தேன். 29,859 அடி. தப்பாகச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

எனக்குத் திருச்செங்கோடு. எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஹெல்பராக ஏறி, டிரில்லராகி, மேனேஜராகி 34 வருஷம் ஓட்டினேன். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ துளை போட்டிருக்கிறேன். என் கையால் போனதில் அதிகபட்சம் 1,400 அடி. அதுவும் ஃபெயிலியர். கல்லு மாவுதான் வந்தது.

மருமகள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். மனைவி பேத்தியோடு வீட்டிலேயே இருந்துகொண்டாள். இங்கே 2025-இல் மாதம் 58 யூரோ கட்டினால் உள்ளூர் ரயில் எதில் வேண்டுமானாலும் ஏற முடிந்தது. அந்தத் தைரியத்தில் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. ரயிலைப் பற்றியும் யோசிக்கவில்லை என்பதுதான் தப்பாகிப் போனது.

நூரம்பெர்க்கில் ஏறும்போது அது ஒரே ரயில். நோய்கிர்ஷன் என்றொரு சின்ன ஸ்டேஷனில் அதை இரண்டாகக் கழற்றுகிறார்கள். ஒரு பாதி நாங்கள் வண்டி மாற வேண்டிய வைடன் ஊருக்கு, இன்னொரு பாதி ஷ்வாண்டார்ஃப் பக்கம். அறிவிப்பெல்லாம் செய்துதான் கழற்றுகிறார்கள். பையன் அந்த நேரம் ஆபீஸ் போனில் இருந்தான், எனக்கு ஜெர்மன் தெரியாது. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து எதிர் சீட்டுப் பாட்டியிடம் "வைடன்?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிய விதத்திலேயே புரிந்துவிட்டது.

அந்தப் பாட்டியும் ஷ்வாண்டார்ஃபில்தான் இறங்கினார். எங்களைக் கையோடு கூட்டிப்போய், வடக்கே போகும் வண்டி எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று காட்டி, போர்டில் நாங்கள் போக வேண்டிய ஊரின் பெயரை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார். ஒரு சிரிப்புக்கூட இல்லை. இந்த ஊர்க்காரர்கள் உதவி செய்யும்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறார்கள். முக்கால் மணி நேரம் குளிரில் உட்கார்ந்து புளிச்சோற்றை முடித்தோம். நல்லெண்ணெய் வாசத்துக்குப் பக்கத்து பெஞ்சுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

விண்டிஷெஷென்பாக் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பவேரியாவின் வடகிழக்கு மூலை, செக் எல்லைக்குப் பக்கம். ஊர்ப் பெயரை மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், மூன்று முறையும் வேறு வேறாக வந்தது. அறை 78 யூரோ, காலைச் சாப்பாட்டோடு. கோபுரம் எந்தப் பக்கம் என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டேன். ஜன்னலைக் காட்டினார். வெளியே பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி: தண்ணி வந்துச்சா?

காலையில் ரொட்டி, சீஸ், அவித்த முட்டை. முட்டைக்கு மட்டும் சின்னதாகக் கம்பளித் தொப்பி போட்டு வைத்திருந்தார்கள். எனக்குப் போட்டிருந்தால் உதவியாக இருந்திருக்கும். வெளியே ஆறு டிகிரி.

நடந்தே போனோம். ஊரைத் தாண்டியதும் உழுத காடு, மக்காச்சோளத் தட்டை, மேட்டில் ஊசியிலை மரங்கள். பனி விலக விலகத்தான் கோபுரம் தெரிந்தது. முதலில் உச்சி, அப்புறம் இடுப்பு, கடைசியில் கால். 83 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 72 மீட்டர், அதைவிட 11 மீட்டர் உயரம். இதுவும் ஒரு ரிக்தான் என்பதை என் கண் ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வேலை முடிந்தபின் கோபுரத்தைக் கழற்றி எடுத்துப் போகாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே காட்சிக்கூடம், பள்ளிப் பிள்ளைகளுக்கான வகுப்பறை எல்லாம் உண்டு. எங்களைக் கூட்டிப்போன அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் யார் என்று பையன் சொன்னதும், பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னிடம் தனியாகக் கை கொடுத்தார்.

இது எண்ணெய்க்காகவோ தண்ணீருக்காகவோ போட்ட துளை இல்லை. பூமியின் மேலோடு உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும் அரசாங்கம் காசு போட்டது. முப்பது கோடி வருஷத்துக்கும் முன்னால் இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்ட இடம் இது என்கிறார்கள். அந்தத் தையலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. 1987 செப்டம்பரில் முதலில் ஒரு முன்னோட்டத் துளை போட்டார்கள், 4,000 மீட்டர். அதற்கே ஒன்றரை வருஷம் ஆனது. அதிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி 1990-இல் பெரிய துளையைத் தொடங்கி, 1994 அக்டோபர் 12-ஆம் தேதி 9,101 மீட்டரில் நிறுத்தினார்கள். நாலு வருஷம், ராத்திரி பகலாக.

மொத்தச் செலவு 52 கோடியே 80 லட்சம் மார்க். இன்றைய கணக்கில் 27 கோடி யூரோ. தொழில் புத்தி போகுமா, இரண்டு துளையின் அடியையும் கூட்டி வகுத்துப் பார்த்தேன். அடிக்கு ஏறக்குறைய ஆறரை லட்சம் ரூபாய். ஆராய்ச்சிச் செலவும் இதில் சேர்த்திதான். எங்கள் ஊரில் அடிக்கு நூறு ரூபாய் சொன்னாலே தோட்டத்துக்காரர் திண்ணையை விட்டு எழுந்து போய்விடுவார்.

இனி தொழில் சமாச்சாரம். பிடிக்காதவர்கள் சாயங்காலத்துக்குத் தாண்டிப் போகலாம்.

நாங்கள் 20 அடி ராடு போடுவோம். இங்கே ஒரு தடவைக்கு 40 மீட்டர் நீளக் குழாய். அதற்காகத்தான் கோபுரம் அவ்வளவு உயரம். அடியில் கல்லைக் குடையும் முனையான பிட் தேய்ந்தால் அத்தனை குழாயையும் வெளியே எடுத்து, நட்டக்குத்தலாக அடுக்கி, பிட்டை மாற்றி, மறுபடி ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். குழாயைப் பிடித்து நிறுத்தும் வேலையை இயந்திரக் கை செய்தது. கொக்கி 800 டன் வரை தாங்கும். எங்களைப்போல் மேலிருந்து ராடு முழுவதையும் சுற்றினால் ஒன்பது கிலோமீட்டர் குழாயும் முறுக்கிக்கொள்ளும். அதனால் அடியில் பிட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மோட்டார். மேலிருந்து அழுத்தி அனுப்பும் களிமண் குழம்புதான் அதைச் சுழற்றுகிறது. அதே குழம்பு கல்துகளையும் மேலே கொண்டுவருகிறது.

துளை கோணாமல் நேராகப் போக ஒரு கருவியும் வைத்திருந்தார்கள். தானே சாய்வைப் பார்த்து, தானே பக்கவாட்டில் தள்ளித் திருத்திக்கொள்ளும். ஏழு கிலோமீட்டருக்குக் கீழேயும் அது வேலை செய்தது. அதற்கப்புறம் சூட்டில் அதன் மூளை தாங்கவில்லை. அந்த அழுத்தத்தில் துளையின் சுவரே பொரிந்து பொரிந்து விழுந்ததாம். குழாய் சிக்கி, கழற்ற முடியாமல் விட்டுவிட்டுப் பக்கவாட்டில் புதிதாகத் துளைத்துப் போக வேண்டியும் வந்திருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. 900 அடியில் கல்லை இடிக்கும் ஹேமர் மாட்டிக்கொண்டு, மூன்று நாள் சோறு இறங்காமல் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவன் நான்.

சூடுதான் கடைசியில் ஆளை நிறுத்தியது. இந்தத் துளைக்குத் தென்மேற்கே கறுப்புக்காடு என்ற மலைப்பகுதியையும் பார்த்திருக்கிறார்கள். அங்கே சீக்கிரம் சூடேறும், இங்கே குளிர்ச்சியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். துளைத்துப் பார்த்தால் இங்கேயும் நினைத்ததைவிட வேகமாகச் சூடேறியது. அடியில் 265 டிகிரி. பத்து கிலோமீட்டர் போகும் திட்டத்தை 9,101-இல் முடித்துக்கொண்டார்கள். சரி, தண்ணீருக்குப் பாயிண்ட் பார்க்கிறவர் சொன்னபடி நடக்காமல் போவது எங்கள் ஊரில் மட்டும் இல்லை.

எதிர்பார்த்த தையலும் கிடைக்கவில்லை. சில கிலோமீட்டரில் வேறு கல் வந்துவிடும் என்று நம்பினார்கள். கடைசி வரை ஒரே சாதிக் கல்தான், செங்குத்தாகச் சரிந்து அடுக்கடுக்காக. வரிவரியாக இருக்கும் நைஸ் என்ற பாறை, கறுப்பாக ஆம்பிபோலைட் என்ற பாறை. மேஜையில் ஒரு துண்டு வைத்திருந்தார்கள், உருளையாக அறுத்து எடுத்தது. தடவிப் பார்த்தேன். வெள்ளை வரி, சாம்பல் வரி, நடுவில் அபிரகம் மினுங்குகிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றை வெட்டும்போது வெடி வைத்து எடுத்த கல்லும் இதே ஜாடைதான். விரலில் ஒட்டிய தூளை நாக்கில் வைத்துப் பார்க்கப் போனேன், பழக்கதோஷம். பையன் கையைத் தட்டிவிட்டான்.

இந்த நேரத்தில்தான் துளையின் அகலத்தைக் கேட்டேன். மேலே 28 இஞ்சில் தொடங்கி, சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை இறக்க இறக்கச் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி எழுபது மீட்டர் ஆறரை இஞ்ச் என்றார். நான் இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். ஆறரை இஞ்சேதான். எங்கள் ஊரில் யார் வீட்டில் போர் போட்டாலும் அதே ஆறரை. என் ஆயுசு முழுக்கப் போட்ட அளவு, இந்தப் பூமியில் ஒன்பது கிலோமீட்டர் அடியில் இருக்கிறது. எதற்கோ கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "தண்ணி வந்துச்சா?"

பையன் மொழிபெயர்க்கத் தயங்கினான். நான் விடவில்லை. அந்த அம்மா சிரிக்கவில்லை. வந்தது என்றார். அவ்வளவு ஆழத்தில் பாறை இறுகிக் காய்ந்து கிடக்கும், வெடிப்பெல்லாம் மூடியிருக்கும் என்றுதான் படித்தவர்களே நினைத்திருந்தார்களாம். கீழே வரைக்கும் வெடிப்பும் இருந்தது, வெடிப்பில் தண்ணீரும் இருந்தது. குடிக்க முடியாது. நாலாயிரம் மீட்டர் துளையில் வந்தது கடல் நீரைப்போல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உப்பு. 2002-இலிருந்து ஒரு வருஷம் அந்தத் துளையிலிருந்து விடாமல் பம்ப் போட்டு 22,300 கனமீட்டர் எடுத்திருக்கிறார்கள். 12,000 லிட்டர் தண்ணி லாரிக்கு 1,850 லோடுக்கு மேல். அப்போதும் வற்றவில்லை. எங்கள் பாஷையில் இது ஃபெயிலியர் போரே கிடையாது.

பெரிய துளையை முடித்த கையோடு அதன் அடியில் 200 கனமீட்டர் உப்புத்தண்ணீரை அழுத்தி ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் நானூறு குட்டி நிலநடுக்கம் பதிவானது. மேலே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் தண்ணீருக்கே நகரும் அளவுக்குப் பாறை அங்கே விறைப்பாக நிற்கிறது என்று அதில் தெரிந்துகொண்டார்கள்.

ரஷ்யாவில் கோலாவில் இதைவிட ஆழமான துளை உண்டு, 12,262 மீட்டர். அங்கே இப்போது இடிபாடும் துருப்பிடித்த மூடியும்தான். மூடி என்றதும் எனக்கு இங்கே உள்ள மூடியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த அம்மா மேடையில் ஏறி நின்று கீழே காட்டினார். தடித்த இரும்பு, சுற்றிலும் போல்ட். போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி சைட்டிலிருந்து வீட்டுக்கு வந்து கை கழுவி உட்கார்ந்தேன். ஃபெயிலியரான போர். மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, மூடி போட்டீங்களா?" என்றாள். போட்ட ஞாபகம் வரவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு 40 கிலோமீட்டர் திரும்பிப் போனேன். மூடி போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து எந்தத் துளையைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பேன்.

சாயங்காலம் நட்சத்திரத்தைத் தேடிப் போனோம். இந்தப் பக்கத்து ஊர்களில் சோய்கல் என்று ஒரு பீர். ஊருக்குப் பொதுவாக ஒரு பீர் காய்ச்சும் கூடம், விறகு அடுப்புக் கொப்பரையோடு. காய்ச்சும் உரிமை சில வீடுகளுக்குப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அங்கே காய்ச்சி, தங்கள் வீட்டு நிலவறையில் புளிக்கவைத்து, முறை வந்ததும் வாசலில் ஆறு முனை நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு வீட்டையே கடையாக்கிவிடுகிறார்கள். நம் ஊர் வாய்க்கால் முறைத் தண்ணீர் மாதிரிதான், இந்த வாரம் இவர் வீடு, அடுத்த வாரம் அவர் வீடு. நான் அரை கிளாசோடு நிறுத்திக்கொண்டேன். வடிகட்டாததால் கலங்கலாக, ரொட்டி வாசத்தோடு இருந்தது. அரை லிட்டர் 3 யூரோ சொச்சம். நூரம்பெர்க்கில் அந்தக் காசுக்குக் காபிகூடச் சரியாக வராது.

தனி மேஜை என்பதே கிடையாது. காலி இடத்தில் உட்கார வேண்டும். பக்கத்தில் இருந்தவர் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். குடைமிளகாய்த் தூள் போட்டுப் பிசைந்த சீஸ், மேலே வெங்காய வளையம். பச்சைமிளகாய் மட்டும் கிள்ளிப் போட்டிருந்தால் இன்னொரு தட்டு கேட்டிருப்பேன். கோபுரத்தில் வேலை நடந்த காலத்தில் ராத்திரியெல்லாம் இந்த ஊர் மேல் வெளிச்சம் இருந்ததாகவும், வேலை நின்றுபோனதும் முதல் வாரம் தூக்கம் வரவில்லை என்றும் அவர் சொன்னார். பையனுக்கு அவர் பேச்சு பாதிதான் புரிந்தது. இந்தப் பக்கத்து ஜெர்மன் வேறாம்.

அக்டோபர் 11, சனி: கல்லும் கெண்டையும்

ஃபால்கென்பெர்க் என்ற ஊரிலிருந்து வால்ட்நாப் ஆற்றோரமாகவே திரும்பி நடந்து வரலாம் என்றார்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சனிக்கிழமை பஸ் தோதாக இல்லை. வீட்டுக்கார அம்மா தானே காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். காசு கொடுக்கப் போனதற்குக் கோபித்துக்கொண்டார்.

ஃபால்கென்பெர்க்கில் கோட்டை நிற்பது மலைமேல் இல்லை, மூட்டை மூட்டையாக அடுக்கிய உருண்டைக் கருங்கல்மேல். நாமக்கல்லில் கல்லைப் பார்த்து வளர்ந்தவனுக்கே கழுத்து வலித்தது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் மாஸ்கோவில் ஜெர்மன் தூதராக இருந்த ஷூலன்பர்க் பிரபுவின் கோட்டையாக இருந்தது. ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்ததற்காக 1944-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஆற்றுத் தண்ணீர் டீ டிகாஷன் நிறம். வழி முழுக்கப் பாறைகள், ஒவ்வொன்றுக்கும் பெயர். ஒன்று தயிர் கடையும் தாழி போல இருக்கிறது என்று வெண்ணெய்த் தாழி. வழியில் மரவேர் வழுக்கி, பையன் ஒரு காலை முழங்கால் வரை ஆற்றில் விட்டான். அப்புறம் வழியெல்லாம் சளக் சளக் என்று அவன் நடக்கிற சத்தம்தான். என் முழங்கால் எட்டாவது கிலோமீட்டரில் பேச ஆரம்பித்தது. நடுவில் ஒரு மரக்குடிலில் உருளைக்கிழங்கு சூப் குடித்தோம், உயிர் வந்தது.

ராத்திரி கெண்டை மீன். இந்த வட்டாரத்தில் ஏராளமான குளம், இலையுதிர் காலம்தான் பருவம். பாதி மீனை அப்படியே, வாலும் தலையுமாக மாவில் புரட்டிப் பொரித்துத் தட்டை நிறைத்து வைத்தார்கள், 15 யூரோ. வாலும் துடுப்பும் அப்பளமாக நொறுங்கின. முள் எக்கச்சக்கம். கத்தியையும் முள்கரண்டியையும் ஓரம் வைத்துவிட்டுக் கையில் எடுத்தேன். பையன் சுற்றும் முற்றும் பார்த்தான். பக்கத்து மேஜைப் பெரியவரும் கையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 12, ஞாயிறு: மழை

விடியலிலிருந்து மழை. ரயில் மேட்டைக் கடக்கும்போது கோபுரம் தெரிகிறதா என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன், சாம்பல்தான். பையன் போனில் தேதியைப் பார்த்துவிட்டு, "துளைய நிறுத்தினது இதே நாள்ங்கப்பா, 31 வருஷம்" என்றான். அன்றைக்கு அந்த ஷிஃப்டில் இருந்தவர்கள் கடைசிக் குழாயை வெளியே எடுத்துவிட்டு என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். நாங்களாக இருந்தால் குளித்துவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போயிருப்போம்.

வைடனில் மாறும்போது, கழற்றாத வண்டிதானா என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டு ஏறினோம்.

வீட்டில் ரசம் வாசம் மாடிப்படி வரைக்கும் வந்தது. ஷூவைக் கழற்றுவதற்குள் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, தண்ணி வந்துச்சாமா?"

"வந்துச்சு. உப்பு."

"முப்பதாயிரம் அடி போயி உப்புத்தண்ணியா?" சொம்பை என் கையில் கொடுத்தாள். "சரி, மூடி?"

போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு போல்ட்டாக வாய்க்குள் எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.